லட்சம் மைலுக்கு அப்பால்: ஜப்பான் எஞ்சினும் அமெரிக்க எஞ்சினும்

1970களில் அமெரிக்காவில் விற்ற பெரும்பாலான கார்களின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான் இருந்தன. 99,999 மைலுக்கு அடுத்த மைலில் அது மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். லட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது என்பதே அன்றைய கணக்கு. இன்று அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்கள், பிக்கப்களின் சராசரி வயதே பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2024இல் அது 12.6. இரண்டு லட்சம் மைல் ஓடிய வண்டி அங்கே இப்போது யாரையும் வியக்க வைப்பதில்லை.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் பழைய கார் சந்தையில் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஜப்பான்காரன். டொயோட்டா, ஹோண்டா என்றால் எஞ்சின் பிரிக்காமலே ஓடும். ஃபோர்டு, செவர்லே என்றால் மெக்கானிக்குக்குத் தனியாகப் பணம் எடுத்து வை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, முன்னே போய்ச் சேர்ந்த அண்ணன்மார் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. பாடம் தவறில்லை. ஆனால் எந்தக் காலத்து எஞ்சினைப் பற்றியது, ஏன் அப்படி ஆனது என்பதெல்லாம் அதில் விட்டுப்போகின்றன. அவற்றைத் தேடிப் போனால், ஆயுளைத் தீர்மானிப்பது நாட்டின் பெயரல்ல என்பது தெரியவரும்.

முதலில் அளவுகோல். இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று வயதான வண்டிகளைப் பற்றியது. நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறார்கள். போன் இணையவில்லை, திரை உறைந்துவிட்டது என்பவையும் அந்தக் குறைகளில் சேர்த்தி. 2025 பட்டியலில் ஒட்டுமொத்தமாக லெக்ஸஸ் முதலிடம்; சாதாரண ரகத்தில் முதலிடம் பிடித்தது டொயோட்டா அல்ல, ஜெனரல் மோட்டார்ஸின் பியூக். இதை வைத்து எஞ்சின் ஆயுளைப் பற்றிப் பேசுவது வீண். மூன்று வயதில் அநேகமாக எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் திரட்டும் தகவல் இதைவிடப் பயனுள்ளது. எஞ்சினின் பெரும்பழுதையும் சிறுபழுதையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. அங்கே டொயோட்டாவும் லெக்ஸஸும் பல ஆண்டுகளாக மேல்வரிசையில் இருக்கின்றன. பத்து லட்சம் மைல் ஓடிய கார்களின் கதைகளையோ நான் கணக்கில் எடுப்பதில்லை. 1990ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட் ஒன்று 2011இல் அந்தத் தூரத்தைத் தொட்டது. செவர்லே பிக்கப் ஒன்றும் தொட்டிருக்கிறது. நேரத்துக்கு ஆயில் மாற்றும் ஒரு மனிதர் இருந்தார் என்பதற்குமேல் ஒற்றை வண்டி எதையும் நிரூபிப்பதில்லை.

அமெரிக்க எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வந்த கதையைச் செவர்லே வேகாவிலிருந்து தொடங்கலாம். 1970 செப்டம்பரில், இறக்குமதியாகும் சிறு கார்களுக்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கிய வண்டி அது. அதன் 2.3 லிட்டர் எஞ்சினின் பிளாக், சுமார் 17 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு. அலுமினிய பிளாக் என்றால் பிஸ்டன் உரசும் இடத்தில் இரும்பு லைனர் போடுவது வழக்கம். வேகாவில் அதைத் தவிர்த்தார்கள். சிலிண்டர் சுவரை ரசாயனத்தால் லேசாக அரித்து, கடினமான சிலிக்கான் துகள்களை மேலே தெரியவைத்து, பிஸ்டன் அவற்றின்மேல் ஓடும்படி செய்தார்கள். எடையும் செலவும் மிச்சம். ஆனால் அந்த அலுமினிய பிளாக்கின் மேல் உட்கார்ந்தது கனமான வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட். சூட்டில் அலுமினியம் விரியும் அளவு வேறு, இரும்பு விரியும் அளவு வேறு. இரண்டுக்கும் நடுவே அவதிப்பட்டது ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டரும் சிறியது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். கீறல் விழுந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும். ஆயில் குறைந்ததைக் கவனிக்காவிட்டால் மறுபடி சூடேறும். 1977இல் உற்பத்தி நிற்பதற்குள் சுமார் 20 லட்சம் வேகாக்கள் விற்றுவிட்டன. கெட்ட பெயரும் அத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

யோசனையில் பழுதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே வகை அலுமினியக் கலவையைக் கொண்டு 1977இல் போர்ஷே 928 எஞ்சினைச் செய்து நன்றாகவே ஓட்டிக்காட்டினார்கள். வேகாவை முன்னின்று தள்ளிய எட் கோலும் கற்றுக்குட்டி அல்லர். 1955இல் வந்து, அமெரிக்க எஞ்சின் வரலாற்றிலேயே மிக நீண்ட வாழ்வு கண்ட செவர்லே ஸ்மால் பிளாக் வி8, அவர் தலைமைப் பொறியாளராக இருந்தபோது உருவானது. ஒரே மனிதர், ஒரே நிறுவனம். ஒன்று தலைமுறைகளைத் தாண்டியது. மற்றது ஏழு ஆண்டுகளில் முடிந்தது. நாட்டுக்கென்று ஒரு குணம் உண்டு, அது எஞ்சினில் இறங்குகிறது என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றுக்காவது விளக்கம் சொல்ல வேண்டும்.

வேகாவோடு நிற்கவில்லை. 1978இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் டீசல் வி8, டீசலின் கடும் அழுத்தத்தைத் தாங்கப் போதிய ஹெட் போல்ட் இல்லாமலும், எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாமலும் சந்தைக்கு வந்தது. 1981இல் காடிலாக், ஓடும்போதே எட்டு சிலிண்டரை ஆறாகவும் நான்காகவும் குறைக்கும் எஞ்சினைக் கொடுத்தது. அதை ஆளும் அளவுக்கு அன்றைய மின்னணுக் கருவி வளரவில்லை. மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: இறக்குமதிப் போட்டியோ எரிபொருள் விலையோ அரசு விதிகளோ நெருக்க, சோதித்து முடிக்காத புதுமையை வாடிக்கையாளர் தலையில் சோதித்தார்கள்.

அதே ஆண்டுகளில் ஜப்பானில் நடந்தது வேறு. அதன் வேர் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1950இல் ஜப்பான் அறிவியலாளர், பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் டோக்கியோ சென்று பாடம் எடுத்த எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியலாளர். அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே ஒரு விருது ஏற்படுத்தினார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: செய்து முடித்த பொருளைச் சோதித்துக் கெட்டதைக் கழிப்பதால் தரம் வராது, ஒவ்வொரு துண்டுக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தை, செய்யும்போதே குறைத்துக்கொண்டே போக வேண்டும். அவருடைய சொந்த நாட்டில் பொதுமக்கள் அவர் பெயரைப் பரவலாகக் கேள்விப்பட்டது 1980இல் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்துக்குப் பிறகுதான். மறு ஆண்டு ஃபோர்டு அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டது.

ஏற்ற இறக்கம் என்பது எஞ்சினுக்குள் என்ன செய்யும்? கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம்தான் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. வரைபடம் ஒரு குறைந்தபட்சத்தையும் ஒரு அதிகபட்சத்தையும் சொல்லும். அந்த வரம்புக்குள் இருக்கும் எந்தத் துண்டும் தேறிய துண்டுதான். ஆனால் வரம்பின் ஒரு ஓரத்தில் நிற்கும் கிராங்க் ஷாஃப்டும், மறு ஓரத்தில் நிற்கும் பேரிங்கும் ஒரே எஞ்சினில் சேர்ந்தால்? இரண்டும் சோதனையில் தேறியவை. சேர்க்கை மட்டும் தேறாது. முதல் ஐம்பதாயிரம் மைலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒன்றரை லட்சம் மைலில் ஒரு எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், அதே நாளில் அதே ஆலையில் செய்த இன்னொன்று தட்டத் தொடங்கும்.

ஃபோர்டு இதைக் கண்ணால் கண்டது. 1979 முதல் மாஸ்டாவில் கால்பங்கு அதன் கையில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒரே வரைபடத்தின்படி ஒரே ஆட்டோமேடிக் கியர்பாக்ஸை ஃபோர்டின் ஒஹாயோ ஆலையும் ஜப்பானில் மாஸ்டாவும் செய்துகொடுத்தன. அமெரிக்காவில் செய்ததற்கு உத்தரவாதக் காலப் பழுதுகள் அதிகம் வந்தன. இரண்டு வகையையும் பிரித்து அளந்து பார்த்தார்கள். ஃபோர்டின் துண்டுகள் எல்லாமே வரம்புக்குள் இருந்தன. ஆனால் வரம்பு முழுவதும் பரவிக் கிடந்தன. மாஸ்டாவின் துண்டுகள் நடுப்புள்ளியை ஒட்டியே குவிந்திருந்தன. கதை கியர்பாக்ஸைப் பற்றியதுதான். ஆனால் எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. இந்த ஒப்பீட்டைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் நான் இதற்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். காரணம், இங்கே வடிவமைப்பு ஒன்றே. மாறியது செய்நேர்த்தி மட்டும்.

அப்படியானால் அன்றைய அமெரிக்க எஞ்சின்கள் எல்லாம் மோசமா? இல்லவே இல்லை. ஃபோர்டின் 4.9 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965 முதல் 1996 வரை பிக்கப்களில் ஓடியது. கிராங்க் ஷாஃப்டுக்கு ஏழு மெயின் பேரிங். கேம் ஷாஃப்டைச் சுழற்ற பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, நேரடிப் பற்சக்கரம். வேகம் குறைவு, இழுவை அதிகம். பியூக் 3800 வி6 இன்னொன்று. அதன் மூதாதை 1962இல் வந்தது. 1967இல் அதைச் செய்யும் இயந்திரங்களையே ஜெனரல் மோட்டார்ஸ் கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டது. எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1974இல் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு 2008 வரை செதுக்கிச் செதுக்கிச் செய்துகொண்டே இருந்தார்கள். உள்ளே அசைக்க முடியாத வார்ப்பிரும்பு. வெளியே? அதன் ஒரு தலைமுறையில் காற்று போகும் மேல் மேனிஃபோல்டை பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அது சூட்டில் இளகி உடைந்து கூலன்ட் எஞ்சினுக்குள் இறங்கியது. ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8க்கும் இதே பிளாஸ்டிக் மேனிஃபோல்டு தொல்லை உண்டு. அதே எஞ்சின்தான் கிரவுன் விக்டோரியா காரில் போலீசையும் நியூயார்க் டாக்சிகளையும் ஆண்டுக்கணக்கில் சுமந்தது.

இதில் ஒரு போக்கு தெரிகிறது. அமெரிக்க எஞ்சினின் வயிறு பெரும்பாலும் உறுதியானது. கெட்டது அதைச் சுற்றியிருந்த கேஸ்கெட், மேனிஃபோல்டு, சென்சார், தண்ணீர் பம்பு. ஜப்பானியர் ஜெயித்தது இந்தச் சில்லறைச் சாமான்களில். இரண்டாம் மூன்றாம் உரிமையாளருக்கு இந்தச் சில்லறைதான் தலைவலி, மொத்தத்தில் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்ற ஆறுதல் அவருக்கு எதற்கு?

இங்கே சந்தையும் ஒரு வேலை செய்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. 1984 முதல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நம்மி என்ற ஆலையை நடத்தின. டொயோட்டா கொரோலாவின் உடன்பிறப்பான ஜியோ ப்ரிஸம் என்ற கார் அங்கே உருவாகி, செவர்லே கடைகளில் விற்றது. எஞ்சின் டொயோட்டாவினுடையது. ஆனாலும் பழைய சந்தையில் கொரோலாவுக்குக் கிடைத்த விலை ப்ரிஸத்துக்குக் கிடைக்கவில்லை. விலை குறைந்தால் ஆயுளும் குறையும். பதினைந்து வயதான இரண்டு கார்களுக்கும் ஒரே நாளில் ஹெட் கேஸ்கெட் போகிறது, ஒரே செலவு என்று வையுங்கள். நல்ல விலை போகும் காரை உரிமையாளர் பழுது பார்ப்பார்; விலை போகாததை உடைக்கக் கொடுத்துவிடுவார். பத்தாண்டு கழித்துச் சாலையில் எண்ணிப் பார்க்கும்போது கொரோலாக்கள் அதிகம் தெரியும். நற்பெயர் ஆயுளிலிருந்து வந்தது, சரி. ஆனால் ஆயுளில் ஒரு பங்கு நற்பெயரிலிருந்தும் வருகிறது.

ஜப்பானியக் குறைகளின் பட்டியலும் சிறியதல்ல. 1997 முதல் 2002 வரை வந்த டொயோட்டாவின் 3.0 லிட்டர் வி6, 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் களிம்பாக இறுகி அடைத்துக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 33 லட்சம் வண்டிகள் இந்தச் சிக்கலுக்கு உட்பட்டவை. ஆயில் மாற்றாததுதான் காரணம் என்று முதலில் உரிமையாளர்களைக் கைகாட்டிய நிறுவனம், பின்னர் எட்டு ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றது. 1998இல் தொடங்கிய 1.8 லிட்டர் கொரோலா எஞ்சினும், 2007ஐ ஒட்டிய 2.4 லிட்டர் கேம்ரி எஞ்சினும் ஆயில் குடித்ததில் பேர் வாங்கியவை. சுபாருவின் 2.5 லிட்டர் எஞ்சின் என்றாலே ஹெட் கேஸ்கெட் என்று ஆனது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8இன் சுழலும் எஞ்சினுக்கு உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. 1980, 90களின் ஜப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் ரப்பர் டைமிங் பெல்ட் இருந்ததையும் மறக்கக் கூடாது. காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் பல ஹோண்டாக்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பழைய அமெரிக்க வி8இல் செயின்; அந்தப் பயம் இல்லை.

எது எந்த நாட்டு எஞ்சின் என்பதே குழம்பிவிட்ட காலம் இது. 1981இல் ஜப்பான் தானாக முன்வந்து ஏற்பதாகச் சொல்லப்பட்ட ஏற்றுமதி வரம்பு, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள் என்று கட்டுப்படுத்தியது. அவர்கள் ஆலைகளையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஹோண்டா ஒஹாயோவின் ஆனா ஊரில் 1985இல் எஞ்சின் ஆலை திறந்தது. டொயோட்டா டண்ட்ராவின் வி6 அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் உருவாகிறது. மறுபக்கம், ஃபோர்டின் நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பல மாஸ்டாவின் வடிவமைப்பில் பிறந்தவை. ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் வ்யூவில் சில ஆண்டுகள் இருந்தது ஹோண்டாவின் வி6.

பழைய இடைவெளியில் பெரும்பகுதியைப் பொதுவான முன்னேற்றங்களே மூடின. 1975க்குப் பின் ஈயம் கலக்காத பெட்ரோல் பரவியது. ஈயப் படிவும் அமில அரிப்பும் குறைந்தன. கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்தது. குளிரில் கூடுதலாகப் பாய்ந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடுவது நின்றது. ஆயில் மேம்பட்டது. சுவரைப் பட்டை தீட்டும் முறை மேம்பட்டது. இவை எல்லோருக்கும் கிடைத்தன.

இப்போது புதிய ஆபத்தும் எல்லோருக்கும் பொதுவாகவே வந்திருக்கிறது. 2023 நவம்பரில் ஹோண்டா, கிராங்க் ஷாஃப்ட் சரியாகக் கடையப்படாத 3.5 லிட்டர் வி6 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது, சுமார் 2.49 லட்சம். 2024இல் டொயோட்டா, கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் எஞ்சினுக்குள் தங்கிவிட்டதாகச் சொல்லி டண்ட்ராவையும் லெக்ஸஸ் எல்எக்ஸையும் அழைத்தது, சுமார் 1.02 லட்சம். எஞ்சினையே மாற்றித்தர வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8. உலகெங்கும் சுமார் 7.21 லட்சம். கனெக்டிங் ராடிலும் கிராங்க் ஷாஃப்டிலும் குறை. அதே ஆண்டு நிஸானின் டர்போ எஞ்சின், சுமார் 4.43 லட்சம், பேரிங் குறை. நான்கு நிறுவனங்கள், இரண்டு நாடுகள், ஒரே இடம்: கிராங்க் ஷாஃப்டும் அதைச் சேர்ந்த பேரிங்குகளும்.

நான்கிலும் நிறுவனங்கள் சொன்னது ஆலையில் நேர்ந்த தவறு என்றுதான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கும் 0டபிள்யூ-20 ஆயிலை மாற்றிச் சற்றுக் கெட்டியான 0டபிள்யூ-40 போடச் சொன்னதைக் கவனியுங்கள். எரிபொருள் சிக்கன விதிக்காக எல்லோரும் ஆயிலை நீர்க்கவைத்தார்கள், சிறிய எஞ்சினில் டர்போ பூட்டி அழுத்தத்தை ஏற்றினார்கள். படலம் மெலிந்தால் முன்பு மன்னிக்கப்பட்ட பிழை இப்போது மன்னிக்கப்படாது என்பது என் ஊகம். டெமிங் சொன்ன ஏற்ற இறக்கம் இன்று முன்னைவிட அதிகம் தண்டிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டொயோட்டாவுக்கு ஒரு முன்னிலை மிஞ்சுகிறது. அது அவசரப்படாமையால் வந்தது. 4ரன்னர் வண்டியில் 4.0 லிட்டர் வி6 2003இல் நுழைந்து 2024 வரை நீடித்தது. மைலேஜ் மோசம், விமர்சகர்கள் கேலி செய்தார்கள், நிறுவனம் அசையவில்லை. நேரடி இன்ஜெக்ஷன் மட்டும் இருந்தால் வால்வில் கரி படியும்; அதைக் குறைக்கும் பழைய முறை இன்ஜெக்டரையும் சேர்த்து டொயோட்டா இரட்டையாக வைத்தது 2005இல். ஃபோர்டு தன் 3.5 லிட்டர் எக்கோபூஸ்டில் அதைச் செய்தது 2017 மாடலில். நீண்ட தூரம் ஓடும் வண்டிகளின் பட்டியல்களில் டொயோட்டாக்களுக்கு நடுவே செவர்லே சபர்பனும் தலைகாட்டுவதற்கும் இதே காரணம்தான்: அதன் வி8, 1955இல் தொடங்கிய அந்த வழியில் வந்தது.

ஆகவே அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு: அலசி ஆராய நேரமில்லை என்றால் கேம்ரியோ அக்கார்டோ வாங்குங்கள், பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்க முடியுமென்றால் எஞ்சினின் பெயரையும் தயாரான ஆண்டையும் கேட்டு அந்த எஞ்சினின் வரலாற்றைப் படியுங்கள். வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டால், செய்து முடிக்காத ரீகால் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். காசு கேட்கமாட்டார்கள். ஆயில் மாற்றிய ரசீதுகள் முந்தைய உரிமையாளரிடம் இருந்தால், பானட்டின் மேல் எந்த நாட்டுச் சின்னம் இருந்தாலும் அந்த வண்டிக்கு ஆயிரம் டாலர் கூடக் கொடுக்கலாம்.